வராது என்று சொன்ன மாலை

விசில் என் வாயில் இருந்தது. ஊதவில்லை.

ஒரகடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண்ணைச் சீவிச் சமமாக்கிய பெரிய பொட்டலில், பாதிக் கூரை போட்ட தொழிற்சாலைக் கொட்டகை ஒன்று நின்றது. மணி நான்கு இருக்கும். வெயில் இன்னும் முதுகைச் சுட்டது. முப்பதடி உயரத்தில் இரும்புச் சட்டங்களின் மேல் உட்கார்ந்து கூரை ஷீட் பதித்துக்கொண்டிருந்த ஐந்து பேரில் ஒருவர் குனிந்து என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், மேலயே பாத்துகினு நிக்கிறீங்க? வருமா, வராதா?"

கேட்டவர் ஏகாம்பரம். கூரை போடும் குழுவுக்கு மேஸ்திரி. முப்பத்தெட்டு வயது. வல்லக்கோட்டைக்காரர். நிலம் கைமாறிப் போன பிறகு இந்த வேலைக்கு வந்தவர். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர், ஆனாலும் என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

மூங்கில் கழியின் உச்சியில் நான் கட்டி வைத்திருந்த சிவப்புத் துணி அசையாமல் தொங்கியது. மேற்கே, வாலாஜாபாத் பக்கம், எங்கோ வெகு தூரத்தில் ஒரு முறை உறுமியது.

"வராதுண்ணே," என்றேன். "இன்னும் நாலு ஷீட்டுதான கெடக்கு. முடிச்சிட்டே எறங்குங்க."

இந்தத் தொடரில் இதுவரை மெஸ் சாப்பாடு, அறைத் தோழர்கள், நைட் ஷிப்ட் தூக்கம் என்று கொஞ்சம் சிரிக்கும்படியாகவே எழுதி வந்தேன். போன வாரம் ஒரு வாசகர், 'உங்களுக்குக் கஷ்டமான நாளே கிடையாதா?' என்று கடிதம் போட்டிருந்தார். இருந்தது. நான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், அவ்வளவுதான்.

கரிசல்காட்டிலிருந்து வந்தவன்

நான் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டுக்காரன். எங்கள் பக்கம் மழை வந்தால் யாரும் ஓடி ஒதுங்க மாட்டார்கள். வாசலில் இறங்கி நின்று பார்ப்பார்கள். வராதே என்ற கவலை மட்டுமே தெரிந்த ஊர் அது. மழை ஓர் ஆளைத் தூக்கி எறியும் என்பது எனக்கு இருபத்து நாலு வயதுவரை தெரியாது.

சிவில் டிப்ளமோ முடித்து, கட்டுமான நிறுவனம் ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளனாகச் சேர்ந்து, தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் வந்து இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மூன்று பேருக்கு ஓர் அறை. காலையில் கம்பெனி வேனில் ஒரகடம். அப்போது அங்கே தொழிற்சாலைகளைவிடத் தொழிற்சாலை வரப்போகிறது என்று சொல்லும் பலகைகளே அதிகம்.

வந்த முதல் கோடையிலேயே பாடம் கிடைத்தது. ஒரு மாலை, ஐந்தே நிமிடம் அடித்த காற்றில், தரையில் அடுக்கி வைத்திருந்த கூரை ஷீட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பறந்தன. ஒன்று சிமென்ட் மூட்டைக் கொட்டகையின் சுவரில் போய்ச் செருகி நின்றது. நல்லவேளையாக யாருக்கும் அடி படவில்லை.

மறுநாள் திட்ட மேலாளர் வரதராஜன் கூப்பிட்டார். கறாரான மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"சேஃப்டி நீதானப்பா? இந்தக் காத்து எப்ப வரும்னு கண்டுபிடி. வர்றதுக்கு முன்னாடி ஆளுங்கள எறக்கு. அதுவும் உன் வேலதான்."

காற்று எப்போது வரும் என்று நான் யாரைக் கேட்பேன்?

பெயர் வைக்காத புயல்

புயல் என்றால் நமக்கெல்லாம் ஐப்பசி, கார்த்திகைதான் நினைவுக்கு வரும். வங்கக் கடலில் சின்னம், துறைமுகத்தில் கூண்டு, தொலைக்காட்சியில் வெள்ளையாய்ச் சுழலும் படம், பள்ளிக்கூடத்துக்கு லீவு. இரண்டு மூன்று நாள் முன்பே ஊர் தயாராகிவிடும். அந்தப் புயலுக்கு நாங்கள் அவ்வளவாகப் பயந்ததில்லை. அது வந்து சேரும்போது கூரையில் ஓர் ஆள்கூட இருக்க மாட்டான்.

நான் சொல்வது ஆனி, ஆடி மாலைகளில் வருகிற இடிமழை. அதற்குப் பெயர் கிடையாது. முக்கால் மணி நேரம்தான் ஆயுள். செய்தியில், 'வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை' என்ற ஒற்றை வரியில் அடங்கிவிடும். அந்த ஓரிரு இடத்தில் நாம் நிற்கிறோமா என்பதைத்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வானிலை அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். நாலைந்து பேரிடம் மாறி மாறிப் பேசி, கடைசியில் ஓர் அதிகாரி அம்மா கிடைத்தார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாதது என் தவறு.

"உங்க சைட்ல பெய்யுமா பெய்யாதான்னு என்னால சொல்ல முடியாதுங்க," என்றார். "ஆனா உங்களுக்கு மழையவிடக் காத்துதான பிரச்சினை?"

"ஆமா மேடம். மேல ஆளுக நிக்காங்க."

"அப்ப மேகம் தலைக்கு மேல வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளிப் பெய்யற மழையே உங்களுக்குப் போதும். மழையோட சேந்து குளிர்ந்த காத்து மேலேருந்து அப்படியே கீழ விழும். ஒரு குடம் தண்ணியத் தரையில கவுத்தா நாலு பக்கமும் ஓடுதில்ல, அந்த மாதிரி. உங்க எடத்துல வெயில் அடிச்சிட்டு இருக்கும்போதே அது வந்துடும்."

அவ்வளவு எளிமையாக அதற்கு முன்பும் பின்பும் யாரும் எனக்கு எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அன்றே ஒரு நீள நோட்டு வாங்கினேன். காற்றின் திசை, கடல் காற்று வந்த நேரம், மேகம் நின்ற பக்கம், முதல் இடி என்று தினமும் குறித்தேன். ஒரு கோடை முழுக்கக் குறித்ததில் கொஞ்சம் பிடிபட்டது. காலையிலிருந்து மேற்குக் காற்று அனலாக அடிக்கும். பிற்பகலில் கடல் காற்று வந்து அதோடு முட்டும். முட்டும் இடத்தில் மேகம் காலிஃபிளவர் மாதிரி மேலே மேலே வளர்ந்து, பிறகு உச்சி தட்டையாகும். அப்புறம் இடி. அதற்கும் அப்புறம், சில நாட்களில், காற்று சுத்தமாக நின்றுபோகும். சிவப்புத் துணி துவண்டு தொங்கும். அதன்பின் பத்து நிமிடம், மிஞ்சினால் இருபது. குளிர்ந்த காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்துவிடும்.

இடி கேட்டு, துணியும் தொங்கினால் விசில். இதுதான் நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

டீ விசில்

முதலில் சொல்லி வைத்தாற்போல் நடந்தது. நான் விசில் ஊதி, எல்லோரும் இறங்கி, அலுவலகக் கொட்டகைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் காற்று வந்து கதவை அறைந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. ஏகாம்பரம் தலையைத் துவட்டிக்கொண்டே, "சார் மூக்குக்குத் தனியா வாசன தெரியுது போல கீது," என்றார். அந்த ஒரு வாரம் நான் சற்று நிமிர்ந்தே நடந்தேன்.

அடுத்த கோடையில் சறுக்கியது. ஒரே வாரத்தில் மூன்று முறை ஊதினேன். மூன்று முறையும் முப்பது பேருக்கு மேல் வேலையைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். ஒரு தடவை மேகம் செங்கல்பட்டுப் பக்கம் ஒதுங்கிப் போனது. ஒரு தடவை அங்கேயே கரைந்தது. மூன்றாம் தடவை என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. இறங்கியவர்கள் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு மறுபடி ஏறினார்கள்.

வரதராஜன் என் மேசைக்கு வந்தார். "தம்பி, இந்த மாசம் மழ பெஞ்ச நாள் எது, நீ விசில் ஊதின நாள் எதுன்னு பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாரு. ரெண்டும் சேரவே இல்ல."

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மறுநாள் கூரை ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தப் பக்கம் போனேன். யாரோ வாயில் விரலை வைத்து விசில் அடித்தார்கள். இன்னொருவர், "சார் வுட்டது மழ விசில் இல்ல நைனா, டீ விசில்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏகாம்பரமும் சிரித்தார்.

நானும் சிரித்தபடியே நகர்ந்தேன். ஆனால் காது சூடாகிவிட்டது. அன்று மாலை அறைக்குத் திரும்பியும் அந்தச் சிரிப்பு போகவில்லை. இருபத்து நாலு வயதில் அவமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை இப்போது யாருக்கும் விளக்க முடியாது.

நாலு ஷீட்

அதற்கு அடுத்த வாரம்தான் நான் தொடக்கத்தில் சொன்ன மாலை.

மூன்றே முக்காலுக்கு நோட்டில் எழுதினேன்: 'மேற்கே மேகம், உச்சி தட்டை. இடி, மெல்ல. துணி தொங்குகிறது.' எழுதிவிட்டு வெளியே வந்து நின்றேன். மேலே நீலமாக இருந்தது. விசிலை எடுத்து வாயில் வைத்தேன். ஏகாம்பரம் கேட்டார். நான் வராது என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். இன்னொரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் வந்தது வாசனை. எங்கோ நனைந்த மண்ணின் வாசனை. துணி ஒரு முறை துடித்தது. மத்தியானம் பறந்த திசைக்கு நேர் எதிரே நீட்டிக்கொண்டு படபடத்தது. நான் விசிலை ஊதினேன். ஊதிக்கொண்டே ஓடினேன். பொட்டலின் அந்த ஓரத்திலிருந்து செம்புழுதி ஒரு சுவர் போல எழுந்து வந்துகொண்டிருந்தது.

மேலே ஏகாம்பரமும் இன்னொருவரும் ஒரு ஷீட்டின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தார்கள். இருபதடி நீளம். அதை நகர்த்துவதற்காக இருவரும் பெல்ட் கொக்கியைக் கழற்றியிருந்தார்கள். காற்று அடியில் புகுந்ததும் ஷீட் எழும்பியது. மற்றவர் கையை விட்டுவிட்டுச் சட்டத்தைக் கட்டிக்கொண்டார். அவர் செய்தது சரி. ஏகாம்பரம் விடவில்லை.

ஏன் விடவில்லை என்று பிறகு தெரிந்தது. நேர் கீழே கலவைச் சட்டிகளோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். "ஓடுங்கம்மா, ஓடுங்க," என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. அவர்கள் விலகி ஓடும்வரை பிடித்திருந்தார். அதன் பிறகு விட்டிருக்கலாம். அதற்குள் ஷீட் அவரையும் சேர்த்து இழுத்துவிட்டது.

கொட்டிவைத்த மணலின் ஓரத்தில் விழுந்தார். மணலின் நடுவில் விழவில்லை, தரையிலும் விழவில்லை. அதனால் உயிர் இருந்தது. இடுப்பு போயிற்று.

அந்த நேரம் மழை இறங்கியது. கண் திறக்க முடியாத மழை. சென்ட்ரிங் பலகையில் அவரைப் படுக்க வைத்து, நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு சேற்றில் வேன்வரை நடந்தோம். ஸ்ரீபெரும்புதூர் போகும்வரை அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன். வழியெல்லாம் புளியமரக் கிளைகள் முறிந்து கிடந்தன. இறங்கி இழுத்துப் போட்டுவிட்டுப் போனோம். அவர் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தார்.

"கீழ இருந்தவங்களுக்கு இன்னா ஆச்சு சார்?"

"ஒண்ணும் ஆகலண்ணே. நல்லா இருக்காங்க."

"அது போதும்," என்றார்.

அங்கே முதலுதவி செய்து சென்னைக்கு அனுப்பினார்கள். நாலு மாதம் படுக்கை. எழுந்தபோது வலது கால் குட்டையாகிப்போயிருந்தது. ஏணி ஏற முடியாது. குத்துக்காலிட்டு உட்கார முடியாது.

எதிர்பாராத

விபத்து அறிக்கை எழுத வேண்டியவன் நான்தான். 'எதிர்பாராத சூறைக்காற்றினால்' என்று தொடங்கினேன். பேனா அந்தச் சொல்லில் நின்றது. பிறகு மேலே எழுதிப் போய்விட்டது.

வரதராஜன் அறிக்கையைப் படித்தார். என் நீள நோட்டையும் வாங்கி அந்த நாளின் பக்கத்தைப் படித்தார். வெகுநேரம் படித்தார், இருந்ததோ மூன்று வரி. பிறகு நோட்டை மூடித் தன் இழுப்பறையில் வைத்தார்.

"இத யாரும் கேக்கப் போறதில்ல," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று முதல் நான் விசிலைத் தொட்டாலே போதும், கூரையில் ஓர் ஆள் இருக்க மாட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. வரதராஜனும் எதையும் கேட்கவில்லை. நான் எத்தனை தடவை தப்பாக ஊதினாலும் சரி என்று ஆகிவிட்டது. அந்த மரியாதையை ஏகாம்பரத்தின் இடுப்பைக் கொடுத்து வாங்கியிருந்தேன்.

அவருக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்று தேடி அலைந்தேன். கடைசியில் வேறொரு தொழிற்சாலையின் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது. அவர் அதைப் பெரிய உதவியாக நினைத்தார். அவர் மனைவி கன்னியம்மாளும் அப்படித்தான் நினைத்தார்.

வருடத்துக்கு மூன்று நாலு தடவை வல்லக்கோட்டைக்குப் போவேன். கோயில் என்று சொல்லிக்கொள்வேன். முருகனைக் கும்பிட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போவேன். கன்னியம்மாள் இலை போட்டுவிடுவார். வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். அக்கம்பக்கத்தில் யாராவது வந்தால் ஏகாம்பரம் என்னைக் காட்டிச் சொல்வார்:

"இவருதான் அந்த சார். அந்த மழையில என்ன மடியில போட்டுகினு போனாரு. இவரு இல்லன்னா நான் எங்க கீறேன் இப்ப?"

நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன்.

கிருத்திகை நாள்

ஐந்து வருடம் இப்படியே போனது. ஒரு கிருத்திகை அன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஏகாம்பரம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கன்னியம்மாள் முறத்தில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சற்று முன்தான் ஏகாம்பரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் அதே கதையைச் சொல்லி அனுப்பியிருந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அன்னைக்கு எனக்குத் தெரியும்," என்றேன். "இடி கேட்டுச்சு. துணி தொங்குச்சு. நோட்டுல எழுதிட்டுத்தான் வெளிய வந்தேன். வரும்னு தெரிஞ்சுதான் வராதுன்னு சொன்னேன்."

கீரை ஆயும் சத்தம் நின்றது.

ஏகாம்பரம் காலைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். "ஏன் சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அன்று கூரையிலிருந்து கேட்ட மாதிரியே கேட்டார்.

"மூணு தடவ தப்பாப் போச்சு. நீங்க எல்லாரும் டீ விசிலுன்னு சிரிச்சீங்க. நாலாவதும் தப்பாப் போனா திரும்பச் சிரிப்பீங்களேன்னு நெனச்சேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க ஒன்ன பாத்து சிரிக்கலபா," என்றார். அதுவரை அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை. "அந்த வெயில்ல தகரத்து மேல குந்திகினு கெடந்தவங்க. நீ ஊதுனா கொஞ்ச நேரம் எறங்கலாம், ஒரு டீ குடிக்கலாம். அந்த சந்தோசத்துல சிரிச்சிகினு இருந்தோம். மழ வந்தா இன்னா, வராட்டி இன்னா எங்களுக்கு? தெனம் ஊதுனாலும் எறங்கி இருப்போம்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தைகள் எதுவும் அந்தச் சமயத்தில் உதவவில்லை.

கன்னியம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போகுமுன் நிலைப்படியில் நின்றார்.

"அஞ்சு வருசமா இந்த வூட்ல சாப்ட்டீங்களே சார்," என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

நான் கிளம்பும்போது ஏகாம்பரம் எழுந்து வாசல்வரை வந்தார். அந்தக் காலோடு வந்தார். "பாத்துப் போங்க சார்," என்றார். மறுபடி 'சார்' ஆகியிருந்தேன்.

அதற்குப் பிறகு

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. என்னிடமிருந்த பாதியை அந்த வீட்டில் கொண்டுபோய் இறக்கி வைத்துவிட்டு வந்தேன் என்றுதான் பட்டது. அதற்கு முன் அவருக்கு அது ஒரு காற்று, ஒரு கெட்ட நேரம். அதன் பிறகு அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது.

சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா? தெரியவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

அதன் பிறகு இரண்டு முறை போனேன். ஏகாம்பரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தார், வேலையைப் பற்றி விசாரித்தார். கன்னியம்மாள் வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது ஏகாம்பரம் என்னைக் காட்டி, "தெரிஞ்ச சார்," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம் அவர்களுடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். வல்லக்கோட்டைக் கோயிலில். அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டு எனக்குக் கடிதம்கூட எழுதியிருக்கிறாள். கல்யாணம் என்று எனக்குச் சொன்னது எங்கள் வேன் ஓட்டுநர். அவருக்குப் பத்திரிகை வந்திருந்தது. "நீங்க எத்தனை மணிக்கு சார் வர்றீங்க?" என்று கேட்டார்.

முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ஒரகடத்திலேயே அறை எடுத்திருந்தேன். கோயில் நாலைந்து கிலோமீட்டர்தான். காலையிலேயே குளித்து, தேய்த்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைப் பூட்டினேன். படியிறங்கித் தெருவுக்கு வந்து, பஸ் வரும் திசையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றேன். பஸ் வந்தது. நடத்துநர் என்னைப் பார்த்து ஒரு நொடி தாமதித்தார். நான் ஏறவில்லை. அறைக்குத் திரும்பி, சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்தேன்.